ரசீதில் காணாமல் போன ‘நாட்’

திருவண்ணாமலையில், கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருந்த ஒரு லாட்ஜில், தாராளமாகக் குடிக்கலாம் என்று எழுத்துமூலம் அனுமதி கொடுத்தவள் நான். ஒரு பௌர்ணமி அன்று மாலைவரை அந்த அனுமதி அமலில் இருந்தது.

எண்பதுகளின் கடைசி. வேலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி அந்த லாட்ஜுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். (“பொட்டிய தட்றதுக்குச் சம்பளமா? எத்தினி நாளைக்குனு பாக்கலாம்” என்பது வேர்க்கடலை விவசாயியான அப்பாவின் கருத்து.) ரசீது அடிக்கும் புரோகிராமை நானே எழுதினேன். முதலாளி கஜேந்திரன் வாடகையை அடிக்கடி மாற்றுவார். அதனால் வாடகை, அச்சாக வேண்டிய வாசகங்கள் எல்லாவற்றையும் புரோகிராமுக்கு வெளியே, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தனி ஃபைல்களில் வைத்தேன்.

அவற்றை எழுத ஒரு சின்ன மொழியும் உண்டாக்கினேன். மேற்கோள் குறிக்குள் இருப்பது அப்படியே அச்சாகும். வெளியே இருப்பது கட்டளை. ‘சேர்’ என்று போட்டு இன்னொரு ஃபைலின் பெயரை எழுதினால், அதில் உள்ளதெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். லாட்ஜ் விதிமுறைகளை ஒரே ஃபைலில் எழுதி, அறை ரசீது, அட்வான்ஸ் ரசீது, சாப்பாட்டு பில் எல்லாவற்றிலும் ‘சேர்’ போட்டுவிட்டேன்.

“ஒரு எடத்துல மாத்தினா போதும் சார், எல்லாத்துலயும் மாறிடும்” என்று முதலாளியிடம் சொன்னபோது, சக்கரத்தைக் கண்டுபிடித்தவன்கூட அவ்வளவு நிமிர்ந்து நின்றிருக்க மாட்டான். தெரியாத கட்டளை வந்தால் கம்மென்று தாண்டிப் போகும்படியும் எழுதியிருந்தேன். (பெருந்தன்மையாம்!)

அந்தப் பௌர்ணமி மாலை, கிரிவலக் கூட்டத்துக்கு ரசீது அடித்து மாளவில்லை. மேனேஜர் ஏழுமலை அண்ணன் மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள்.

“இன்னாம்மா தனம் இது? ரூம்ல பாட்டில தொறந்து வச்சினு கீறாங்க. கேட்டா உன் ரசீத காட்றாங்க!”

“ரூல்ஸ படிச்சிட்டுதாங்க ஆரம்பிச்சோம்” என்றார் அவர்களில் ஒருவர், மிகுந்த மரியாதையுடன்.

வாங்கிப் பார்த்தேன். ‘ஸ்மோக்கிங் அண்டு டிரிங்கிங் அலவுடு’ என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. (அந்த பிரிண்டருக்குத் தமிழ் வராது.) சாப்பாட்டு பில்லிலும் அதே. பக்கத்து அறையில் தங்கியிருந்த பஜனை கோஷ்டி அம்மா ஒருவர், “பக்தியான எடம்னு நம்பி வந்தோமே” என்று கண் கலங்கினார். நெற்றி நிறைய விபூதியோடு நின்ற முதலாளி என் கம்ப்யூட்டரைக் கை காட்டினார்.

“அந்தப் பொட்டிய தூக்கிக் கடாசு! இனிமே கையாலயே எழுதிக்கலாம்!”

அப்பாவின் முகம் கண்முன் வந்தது. விதிமுறை ஃபைலைத் திறந்தேன். ‘நாட் அலவுடு’ என்று நான் எழுதியிருந்ததில் ‘நாட்’ என்ற சொல்லுக்கு மட்டும் இருபுறமும் புதிதாக மேற்கோள் குறி முளைத்திருந்தது.

“இதுல யாருண்ணா கை வச்சது?”

“நான்தாம்மா, காலைல. வெறும் நாட்னு போட்டா எவன் மதிக்கிறான்? அழுத்தமா இருக்கட்டும்னு கொட்டேஷன் போட்டேன்.”

எல்லாம் விளங்கிவிட்டது. ‘நாட்’டுக்கு முன்னால் குறியைப் பார்த்ததும் வாசகம் முடிந்தது என்று என் புரோகிராம் நினைத்துக்கொண்டது. வெளியே விழுந்த ‘நாட்’ கட்டளையாகிவிட்டது. அப்படியொரு கட்டளை தெரியாததால் பெருந்தன்மையாகத் தாண்டிவிட்டது. அடுத்த குறியிலிருந்து ‘அலவுடு’ மறுபடி வாசகம்! அது நான் பெருமையடித்தபடியே எல்லாக் காகிதத்துக்கும் பரவியும் விட்டது.

அண்ணன்மேல் பழி போட வாய் வரவில்லை. எங்கள் கடைத்தெருவில் “சுத்தமான” நெய், “ஒரிஜினல்” குங்குமம் என்று கொட்டேஷன் இல்லாத போர்டு ஏது? அதை மறந்து மொழி செய்தவள்தான் மண்டு.

“கொஞ்சம் டைம் குடுங்க சார்” என்று உட்கார்ந்தேன். வாசகத்துக்குள் அடுத்தடுத்து இரண்டு குறி வந்தால், அது முடிவில்லை, அச்சாக வேண்டிய ஒரு குறி என்று மாற்றினேன். வெளியே தெரியாத சொல் நின்றால், அந்த வரியைக் காட்டி, அது என்ன என்று கேட்டு நின்றுவிடச் சொன்னேன்.

“இப்ப நீங்க அடிங்கண்ணா.”

அண்ணன் பழையபடியே அடித்தார். ‘நாட் என்றால் என்ன?’ என்று திரை கேட்டது.

“ஐய, என்னையே கேள்வி கேக்குதும்மா!”

நான் சொல்லச் சொல்லக் குறிகளை இரட்டித்து மறுபடி அடித்தார். பிரிண்டர் கிறீச்சிட்டது. எல்லா ரசீதிலும் ‘நாட்’, இருபுறமும் கொட்டேஷனுடன் கம்பீரமாக நின்றது. மாடிக்காரர்கள் புது ரசீதை வாங்கிப் படித்தார்கள். “இப்ப மாறிடுச்சிங்களா? சரிங்க” என்று போய்ப் பாட்டிலை மூடினார்கள். முதலாளி ஒவ்வொரு காகிதமாக விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“தப்பும் ஒரே எடத்துல, சரியும் ஒரே எடத்துல. பொட்டி இருக்கட்டும்மா.”

நான் சென்னைக்கு வேலை மாறிப் போன பிறகும் பல வருஷம் அந்த ஃபைல்களை அண்ணனே திருத்திக்கொண்டார், ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடாமல். பெரிய ஆட்கள் செய்த பெரிய மொழிகளில் அதே இரட்டைக் குறி விதியைப் பின்னாளில் பார்த்தபோது, பக்கத்து சீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். யாரிடமும் படிக்காமல், ஒரு பௌர்ணமி மாலையில் நானாகக் கண்டுபிடித்ததாயிற்றே!

ஆனால் இந்தக் கதையை வீட்டில் சொன்னதோடு என் கண்டிப்புக்கு மட்டும் மதிப்புப் போய்விட்டது. ‘கூடாது’ என்று குரலை உயர்த்தினால் போதும், என் மகள் நிதானமாகக் கேட்பாள்:

“அந்தக் ‘கூடாது’ கொட்டேஷனுக்கு உள்ளயாம்மா, வெளியயா?”