பத்தரை மணி வண்டியில் வந்தவர்

சத்தியமூர்த்தி முகத்தில் பாதி நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தபோது, முகப்பில் ஒரு ஜப்பான்காரர் மடியில் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக மனைவி கண்ணம்மை வந்து சொன்னாள்.

மகன் அக்ஷய்க்கு ஒசாகாவில் வேலை. மேனேஜர் இந்தியா வருகிறார், நம் வீட்டுக்கும் வருவார் என்று போன மாதம் போனில் சொல்லியிருந்தான். பேரையும் தேதியையும்கூடச் சொன்னான். டிவியில் அப்போது கடைசி ஓவர். சத்தியமூர்த்தி "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

"அவுக பேரு என்னங்க?"

"ஞாபகமில்ல."

"அவுககிட்டயே கேட்டுருங்களேன்."

"வீடு தேடி வந்தவரப் பாத்து, யாரு நீங்கன்னா கேக்கச் சொல்ற? அக்ஷய் பிரமோஷன் அந்த மனுசன் கையில இருக்கு."

பத்தரை மணி பாசஞ்சரில்தான் வந்திருக்க வேண்டும். ஊர் ஸ்டேஷன் என்பது ஒரு மேடை, ஒரு பெயர்ப்பலகை. ஆள் யாரும் கிடையாது. அது இருப்பதோ வீட்டுக்கு எதிரிலேயே. அங்கே போய்க் கூட்டிவரக்கூட நம்மால் முடியவில்லையே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நுரையோடு ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். வந்தவர் எழுந்து குனிந்தார். இவரும் குனிந்தார். அவர் இன்னும் குனிந்து, சின்னத் தாள் ஒன்றை இரு கைகளாலும் நீட்டினார். ஜப்பானில் பேர் அச்சடித்த கார்டை அப்படித்தான் கொடுப்பார்கள் என்று அக்ஷய் சொல்லியிருந்தான். படித்துப் பார்க்கலாமென்றால் மூக்குக்கண்ணாடி மாடியில் இருந்தது. கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதிலுக்குக் கொடுக்கத் தன்னிடம் கார்டு இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கைக்கு அகப்பட்டது இளையாத்தங்குடிக் கோயில் விபூதிப் பொட்டலம். வந்தவர் அதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்தார்.

காப்பி வந்தது. குடித்து முடித்த கையோடு மனிதர் நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். சத்தியமூர்த்திக்கு உடம்பே கூசிவிட்டது. உள்ளே ஓடிப்போய், விருந்தாளி காசு கொடுக்கிற அளவுக்கு நீ முகத்தைக் காட்டினாயா என்று கண்ணம்மையிடம் எகிறினார். அவள், நுரையோடு போய் எட்டிப் பார்த்தது யார் என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் குறை தீர இலை போட்டார்கள். மூன்று கூட்டு, பொரியல், பாயசம்.

சாப்பிட்டபின் வந்தவர் சுவர்க்கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் இருந்தது பன்னிரண்டு நிமிஷம் பின்தங்கியிருந்தது. அதுவும் ஒரு அவமானம். சத்தியமூர்த்தி ஸ்டூலில் ஏறி, ஒரு கையால் அவிழும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முள்ளைத் திருப்பினார். ஜப்பான்காரர் விறைப்பாக எழுந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்.

கண்ணம்மைக்குப் பொறுக்கவில்லை. மகனுக்குப் போன் போட்டுவிட்டாள். அவன் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"அப்பச்சி, மேனேஜர் வரலன்னு ஞாயித்துக்கெழமையே சொன்னேனே. நீங்களும் சரி, சரின்னீகளே."

கண்ணம்மை முகப்பை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப மூணு தடவ பாயசம் வாங்கிச் சாப்பிட்டது யாருங்க?"

மூன்று மணி நேரம் உபசரித்துவிட்டு, நீ யார் என்று எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் தெருமுனை ஆட்டோக்கார அய்யப்பனை வரவழைத்தார். வெளிநாட்டுக்காரர்களுக்காக அவன் போனில் மொழிபெயர்க்கிற வசதி வைத்திருந்தான். மனசு நோகாமல் கேள் என்று காதோடு சொன்னார்.

அய்யப்பன் போனில் பேசினான். ஜப்பான்காரர் நெடுநேரம் பதில் சொன்னார். சத்தியமூர்த்தி பக்கம் திரும்பி மூன்று தடவை குனிந்தார். போன் சொன்னதைக் கேட்ட அய்யப்பன், தேக்குத் தூண்களைப் பார்த்தான், பூக்கல் பதித்த தரையைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"அய்யா, தப்பா நெனைக்காதீக. அவரு ஊரு ஸ்டேஷன்ல ஒரு ஆளுகூடக் கெடையாதாம், டிக்கெட்டக் கண்ணுல ஒத்தி வாங்குற உங்களமாதிரி ஸ்டேஷன் மாஸ்டர அவரு எங்கயும் பாத்ததில்லையாம். இனிச் செட்டிநாட்டு வீடு ஒண்ணு பாக்கணும், கூட்டிட்டுப் போங்கிறாரு."