சொந்தக் கையால் வளர்த்த செடி

தையலக்கா வேனில் ஏறியபோது முகத்தில் மாஸ்க், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றி முக்காடு. சொந்தத் தங்கை எதிரே வந்தாலும் யாரோ எவரோ என்று நகர்ந்து போயிருப்பாள்.

“என்னாச்சு, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் பக்கத்து சீட்டுப் பல் டாக்டரம்மா.

“சளி.”

“அதுக்குக் கறுப்புக் கண்ணாடி எதுக்கு?”

“கண்ணுலேர்ந்துதான் ஆரம்பிச்சுது டாக்டர்.”

டாக்டரம்மா அதற்கு மேல் தோண்டவில்லை. ஜன்னல் வெயில் ஆகாதாம், வேனுக்குள்ளேயே குடையை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டார்.

அக்காவுக்குச் சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம். மாடித்தோட்டச் சங்கத்தின் சுழற்கோப்பை இப்போது அவள் தையல் மெஷினுக்கு மேலே அலமாரியில் இருக்கிறது. போட்டிக்கு வரும் செடி விதையிலிருந்தோ குச்சியிலிருந்தோ சொந்தக் கையால் வளர்த்ததாக இருக்க வேண்டும். இதுதான் சங்கத்தின் விதி. அக்காவின் அடீனியம் செடி அடி பருத்து, பூசணிக்காய் கணக்காக உட்கார்ந்து, இலை தெரியாமல் பூத்திருந்தது. “வெறும் விதையா போட்டேங்க. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன்” என்று மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை பிறந்த இடத்துக்குத்தான் இப்போது வேன் போய்க்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அவள் நிஜமாகவே வளர்த்த அடீனியம் போட்டிக்கு முந்தின வாரம் அழுகிச் செத்தது. அலறியடித்துக்கொண்டு இந்த மொத்த விற்பனை நர்சரிக்கு ஓடிவந்து ஒன்றை வாங்கினாள். புத்தம்புதுத் தொட்டியோடு போனால் குட்டு உடைந்துவிடுமே! தொட்டி மாற்றித் தரும் அம்மாவிடம் கெஞ்சினாள். “கொஞ்சம் பழைய தொட்டியா பார்த்து வச்சுக் கொடுங்களேன்.”

அந்தம்மா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய், பாசி பிடித்து விளிம்பு உடைந்த தொட்டி ஒன்றை எடுத்துவந்தார். புதுத் தொட்டி விற்கிற இடத்தில் பழசை எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அக்காவுக்கு அன்றைக்கே ஒரு யோசனை ஓடியது. இருந்த பரபரப்பில் கேட்காமல் விட்டுவிட்டாள்.

இன்றைக்கு மாட்டினால் கோப்பையோடு மானமும் போகும். போன வருஷம் ஓர் அச்சகக்காரர் ரோஜாத் தொட்டியில் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார். அவரைச் சங்கத்தைவிட்டே தூக்கிவிட்டார்கள். “இதெல்லாம் ஒரு பொழப்பா?” என்று எழுந்து நின்று கத்தியது யார்? நம் அக்காதான்.

எல்லா வினையும் புதிதாகச் சேர்ந்த வங்கிக்காரரால் வந்தது. “மண்ணும் உரமும் மொத்த விலைக்குக் கிடைக்குமே, எல்லாரும் ஒரு நடை போய்ட்டு வரலாமா?” என்று கூட்டத்தில் கேட்டார். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே சமயத்தில் “தாராளமா போகலாமே!” என்றார்கள். தான் மட்டும் மாட்டேன் என்றால் சந்தேகம் வராதா? அக்காவும் தலையாட்டினாள். இன்று வேனை ஓட்டுவதும் அந்த வங்கிக்காரர்தான்.

வேனில் மற்றவர்களும் என்னவோ ஒரு தினுசாகத்தான் இருந்தார்கள். சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் தாடையைச் சுற்றிப் பெரிய துண்டாகக் கட்டியிருந்தார். பல்வலியாம். ஒரு பல் டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், “எங்கே, வாயைத் திறங்க” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரும் காட்டவில்லை. என்னடா இது என்று அக்காவுக்கு மண்டை குடைந்தது. ‘என் விஷயம் தெரிஞ்சுபோச்சு, அதான் எல்லாரும் மூஞ்சியை மறைச்சுக்கிட்டு வர்றாங்க’ என்று முடிவுகட்டினாள்.

சாலை இரண்டாகப் பிரிந்தது. வங்கிக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

“எந்தப் பக்கம்னு தெரியலையே...”

“இடது!” என்றன மூன்று குரல்கள். நான்காவதை மாஸ்க் அமுக்கிவிட்டது.

வங்கிக்காரர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

“சும்மா குத்துமதிப்பாச் சொன்னேன்,” என்றார் தலைவர்.

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு,” என்றது குடை.

மருந்துக்கடைக்காரர் பல்வலி ஞாபகம் வந்து முனகினார்.

நர்சரி வாசலில் இறங்கியதும் தலைவர் எல்லாரையும் நிறுத்தினார். “மண்ணு, உரம், தேங்காய் நார். அவ்வளவுதான். செடிப் பக்கம் யாரும் திரும்பக்கூடாது. நாம வாங்கறவங்க இல்லை, வளர்க்கறவங்க!”

அதற்குள் நர்சரி நாய் ஓடிவந்து அக்காவின் காலைச் சுற்றிச் சுற்றிக் குழைந்தது. அன்றைக்கு ஒரு பிஸ்கட் போட்டது வம்பாகப் போயிற்று. “சீ, போ!” என்று தலைவர் பக்கம் தள்ளினாள். அது அவர் கையை நக்கியது. அவர் விரட்ட, மருந்துக்கடைக்காரர்மேல் தாவிவிட்டு டாக்டரம்மாவின் குடைக்குள் புகுந்தது. ‘நல்லவேளை, எல்லார்கிட்டயும் ஒட்டிக்கிற நாய்’ என்று அக்காவுக்கு மூச்சு வந்தது. வங்கிக்காரர் ஆசையாக “வா, வா” என்றார். அவரைப் பார்த்து மட்டும் உர்ரென்றது.

பச்சை வலைக்கூரைக்கு அடியில், கையெல்லாம் மண்ணாக, அந்தத் தொட்டி மாற்றும் அம்மா. அவ்வளவுதான், அக்கா விருட்டென்று பாக்குச்செடி வரிசைக்குப் பின்னால் பாய்ந்தாள். அங்கே ஏற்கெனவே மருந்துக்கடைக்காரர் குந்தியிருந்தார்.

“இங்கே என்ன பண்றீங்க?”

“பூச்சி இருக்கான்னு பார்க்கறேன்.”

“பல்வலி எப்படி இருக்கு?”

“எந்தப் பல்லு?” என்றவர், சட்டென்று தாடையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே இருக்கப் பிடிக்காமல் அக்கா குனிந்தபடியே உரக்கொட்டகைக்கு நழுவினாள். சாணி உர மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்த பிறகுதான் மூச்சு விடவும் வேண்டியிருக்கிறதே என்பது உறைத்தது. மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டாள். நெடி மூக்கில் ஏற, ஒரு தும்மல். சாதாரணத் தும்மலா அது! முதுகு போய் மோதியதில், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த பிளாஸ்டிக் தொட்டிகள் தடதடவென்று சரிந்து உருண்டன. கண்ணாடி ஒரு பக்கம், முக்காடு ஒரு பக்கம்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அந்தம்மாவும் வந்துகொண்டிருந்தார்.

தப்ப வழியில்லை. அந்தம்மா வாயால் வெளிவருவதைவிடத் தன் வாயால் வந்து தொலையட்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

“நானே சொல்லிடறேன்,” என்றாள். “என் அடீனியம் விதையில வளர்த்தது இல்லை. இங்கேதான் வாங்கினேன். பழைய தொட்டியில மாத்தித் தரச் சொன்னதும் நான்தான். கோப்பையை எடுத்துக்குங்க.”

அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஓர் உர மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

தலைவர் தொப்பியைக் கழற்றினார். “ரொம்ப வருத்தமான விஷயம். சங்கத்து வரலாற்றுலயே ஒரு களங்கம்!”

டாக்டரம்மா குடையை மடக்கினார். “இதுக்கு நான் சாட்சி. மேடையில எப்படி அழுதாங்க!”

மருந்துக்கடைக்காரர் ஆத்திரத்தில் துண்டையே அவிழ்த்துவிட்டார். “அச்சகக்காரருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? இன்னிக்கே நீக்கணும்!”

வங்கிக்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தம்மா கிட்டே வந்தார். அக்காவைப் பார்த்தார். தொப்பி போன தலைவரைப் பார்த்தார். குடை போன டாக்டரம்மாவைப் பார்த்தார். துண்டு போன மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“அட, நீங்க எல்லாருமா! சேர்ந்து வர்றீங்கன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பழைய தொட்டி ரெண்டே ரெண்டுதானே மிச்சமிருக்கு!”