கணக்குப் படமா, தத்துவப் படமா?

"தம்பி, நீங்களே சொல்லுங்க. அது கணக்குப் படமா, தத்துவப் படமா?"

ப்ரசன்னா வாயில் போட்ட கேசரியை விழுங்குவதா வேண்டாமா என்று விழித்தான். பெண் கேட்டு வந்த இடத்தில் சம்பளம் கேட்பார்கள், சொந்த ஊர் கேட்பார்கள் என்று நினைத்து, கிட்வாய் நகர் வரும்வரை மெட்ரோவில் நின்றுகொண்டே பதில்களை ஒத்திகை பார்த்திருந்தான். இந்தக் கேள்வி அந்த ஒத்திகையில் இல்லை.

கேட்டவர் அபூர்வாவின் அப்பா மாணிக்கவாசகம். புள்ளிவிவரத் துறை அதிகாரி. அம்மா மீனாக்ஷி கல்லூரியில் தத்துவம் நடத்துபவர். போன ஞாயிற்றுக்கிழமை ஃபிலிம் சொசைட்டியில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உப்பு வேண்டுமென்றால்கூட மகள் மூலமாகத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்தப் படத்துக்கு அவர்களை வரவழைத்த புண்ணியவான் ப்ரசன்னாதான். வெளியே ஜூன் மாத அனல்காற்று. உள்ளே குளுகுளு ஏசி. ஒரு கணிதப் பேராசிரியரைப் பற்றிய படம் என்றதும் இருவருக்குமே பிடிக்கும் என்று நம்பினான். இடைவேளையில் சமோசாவும் கையுமாகப் போய் அறிமுகம் ஆகிக்கொள்வது திட்டம். அதுவும் நன்றாகவே நடந்தது. மாணிக்கவாசகம் "பிரமாதமான படம்!" என்று கை குலுக்கினார். மீனாக்ஷி முகம் கழுவிக்கொண்டு வந்து அன்பாகச் சிரித்தார். வீட்டுக்குப் போன பிறகுதான் வினை ஆரம்பித்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து சரின்னு சொன்னாத்தான் நம்ம கல்யாணம்," என்று காலையில்தான் அபூர்வா போனில் எச்சரித்திருந்தாள். "இப்ப அவங்க சேர்ந்து சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. நீ டிவி சேனல்ல எடிட்டர் இல்லையா, அதனால உன்னைத்தான் ஜட்ஜா போட்டிருக்காங்க. ப்ளீஸ், பாத்துப் பேசு."

மீனாக்ஷி சமையலறையில் இருந்தார். ப்ரசன்னா குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கணக்குப் படம்தான் அங்கிள்."

"அப்படிச் சொல்லுங்க! கரும்பலகை பூரா எழுதிட்டு, கடைசி வரியில தன்னோட தப்பைத் தானே கண்டுபிடிக்கிறாரே... அடடா!"

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. சற்று நேரத்தில் காபி வந்தது. அதில் சர்க்கரை இல்லை.

கொண்டுவந்து கொடுத்தவர் ஹம்சா சித்தி, மீனாக்ஷியின் தங்கை. மந்திர் மார்க்கில் வீடு. அன்றைக்கு அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் உட்கார்ந்து படம் பார்த்தவர். அதிலிருந்து தோள்வலி. ஏசிக் காற்று பட்டதுதான் காரணம் என்று மாணிக்கவாசகம் சொல்லிவிட்டார். அக்கா வீட்டுச் சண்டையில் வாயைத் திறப்பதில்லை என்பது சித்தியின் கொள்கை. மூலை நாற்காலிக்குப் போய், தைலப் புட்டியைத் திறந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

ப்ரசன்னா காலி டம்ளரைச் சாக்கிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தான்.

"ஆன்ட்டி, அங்கிள் மனசு நோகக் கூடாதேன்னுதான் அப்படிச் சொன்னேன். அது சுத்தமான தத்துவப் படம்."

மீனாக்ஷியின் முகம் மலர்ந்தது. "நீதான்ப்பா ரசிகன். ஆத்தங்கரையில உக்காந்து, 'எண்ணுறதுக்கு ஆளே இல்லைன்னா எண் இருக்குமா?'ன்னு கேக்குறாரே, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவர் என்னடான்னா கரும்பலகைங்கிறார். படத்துல ஒரு சாக்பீஸ்கூட நான் பாக்கல!"

"ஆத்தங்கரையா? எந்த ஆறு?" சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில் மாணிக்கவாசகத்தின் தலை தெரிந்தது. "படம் பூரா ஒரே ரூம்லதான் நடக்குது! ஏன் தம்பி, ஹாலுக்கு ஒரு கட்சி, சமையக்கட்டுக்கு ஒரு கட்சியா?"

ப்ரசன்னாவுக்குச் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. கதவோரம் நின்ற அபூர்வா, 'ஏதாவது செய்' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். இருவரையும் ஒரே நேரத்தில் சமாதானப்படுத்த ஒரே வழிதான் இருந்தது.

"யோசிச்சுப் பாத்தா... பாதி கணக்கு, பாதி தத்துவம்."

"பாதியா?" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ஒரு வாரமாக எலியும் பூனையுமாக இருந்தவர்கள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். அபூர்வாவின் முகத்தில் வெளிச்சம் வந்து, உடனே அணைந்தது.

"உறுதியா ஒரு வார்த்தை சொல்ல வரல பாத்தியா மீனா?"

"ஆமாங்க. நாளைக்கு நம்ம பொண்ணையும் பாதிதான் பிடிச்சிருக்குன்னு சொல்வான்."

"அந்தப் பாதி எந்த சீன்ல முடியுது, எந்த சீன்ல அடுத்த பாதி ஆரம்பிக்குது? சொல்லட்டும் பாப்போம்!"

ப்ரசன்னா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

"மன்னிச்சிடுங்க அங்கிள். நான் படத்தையே பாக்கல. அபூர்வா முன்னாடி ஒரு மூலையில, நான் பின்னாடி ஒரு மூலையில... படம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் வாட்ஸ்ஆப்ல பேசிட்டிருந்தோம். அவ்வளவுதான் நிஜம்."

அபூர்வா தரையைப் பார்த்தாள்.

"அச்சா!" என்றார் மாணிக்கவாசகம் நிதானமாக. "பாக்காத படத்துக்கு என்கிட்ட ஒரு அபிப்பிராயம், அவகிட்ட ஒரு அபிப்பிராயம். நாங்க கண்ணு கொட்டாம முழுப் படத்தையும் பாத்தவங்க. எங்ககிட்டயே! இப்படிப்பட்ட ஆளை நம்பிப் பொண்ணைக் குடுக்கறது எப்படி?"

"குடுக்கவே கூடாது," என்றார் மீனாக்ஷி. அப்படி ஓர் ஒற்றுமை.

ப்ரசன்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் குனிந்து ஷூவைத் தேடினான். கைக்குக் கிடைத்த ஒரு ஷூவை மாட்டிக்கொண்டான். 'இருபத்தெட்டு வயசுப் பையன், பாவம்' என்று நினைத்தாரோ என்னவோ, ஹம்சா சித்தி தைலப் புட்டியை ஓசைப்பட மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பையனை ஷூவைக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்லுங்க அத்தான். இடைவேளை வரைக்கும் அக்கா என் வலது தோள்ல தூங்கினா, இடைவேளைக்கப்புறம் நீங்க இடது தோள்ல தூங்கினீங்க. இந்த வீட்டுல படத்தைப் பத்திச் சரியாச் சொன்னது அவன் ஒருத்தன்தான்."