உண்ணிக்கு நான் போட்ட வேலி

வெள்ளைக்காரன் காலத்தில், நாடு முழுவதும் காட்டுக்குள் பதுங்கியிருந்த கலகக்காரர்களுக்குப் பயந்துகொண்டிருந்த அவசரகாலத்தில், நான் உண்ணிக்குப் பயந்துகொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய? என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், லாரியை மறித்த கதை, துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்த கதை என்று ஆளுக்கொரு வீரக் கதை வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது மிளகு அளவுப் பூச்சியிடம் தோற்ற கதை. (தோற்றது நான், விழுந்தது என் மாமனார். அந்த மட்டில் ஓர் ஆறுதல்.)

அப்போது மலாக்காப் பக்கம் பெம்பானிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. யார் எவ்வளவு பால் வெட்டிக்கொண்டு வந்தார்கள் என்று ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. ரப்பர்ப் பாலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் எடைதான். அதைத் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. பின்னால் நடக்கப்போவதற்கு இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரகாலச் சட்டம் வந்ததும், அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது ஆட்களின் வரிசை வீடுகளை, ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி அடித்து, ஒற்றைக் கேட்டு வைத்து, துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டார்கள். ஆட்களைச் சேர்த்தவர்கள் மாடுகளையும் சேர்த்துவிட்டார்கள். அதுவரை எங்கேயோ ஆற்றோரம் கட்டிக் கிடந்த மாடுகள் எங்கள் குசினி ஜன்னல் வரைக்கும் குடிவந்துவிட்டன. மாடு தனியாகவா வரும்? காதுக்குள்ளும் வாலுக்கடியிலும் ஒரு குடியிருப்பையே சுமந்துகொண்டுதான் வரும். முள்வேலி ஆட்களைத் தடுத்தது. உண்ணிகள் அதை அலங்கார வளைவு என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தன.

முதல் உண்ணி என் தொப்புளில் இறங்கியது.

குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில், கொழுகொழுவென்று, காலை ஆட்டிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் கேட்டில் இருந்த கான்ஸ்டபிள் விசிலடித்துவிட்டார். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய், தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். அங்கே வைத்தியம் பார்க்கும் எங்கள் டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானத்துக்குச் சம்பளம் வாங்குகிறவர் மாதிரி நடந்து வந்தார்.

“ஐயா, என் பெண்டாட்டி பிள்ளைய நீங்கதான் பாத்துக்கணும்” என்றேன்.

“ஓம், பாக்கிறன். முதல் உந்தக் கையை எடும்” என்றவர், சிமிட்டா என்கிற சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுத்துவிட்டார். “முடிஞ்சுது. எழும்பும்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன, மேளம் வேணுமோ? வளவிலை புல்லை ஒட்ட வெட்டும். மாட்டைத் தள்ளிக் கட்டச் சொல்லும். புல்லுக்கும் வீட்டுக்கும் நடுவிலை வெறுந்தரையா ஒரு துண்டு விடும். வெளியிலை போய் வந்தா உடுப்பைக் கழட்டி உடம்பைப் பாரும். பிள்ளைக்கும் காது, கழுத்து, கமக்கட்டு எல்லாம் பாரும். கண்டதையும் பூசாதையும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. இதைவிடத் தெளிவில்லாமல் ஒரு மனிதன் கேட்டிருக்கவும் முடியாது. மறுநாளே வெள்ளைக் கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, மேலே சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆட்களைக் கூட்டிப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்குப் போனேன். ஆட்கள் வரிசையில் நிற்கும்போது சிரிக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அன்று அந்தச் சட்டம் செத்தது. வீட்டில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று சோதனை. குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒன்றைக் கண்டுபிடித்துச் சிமிட்டாவோடு பாய்ந்தேன். என் மனைவி தனம் தட்டிவிட்டாள்.

“அது எள்ளுங்க! எள்ளுருண்டை தின்ன கையால காத சொறிஞ்சிருக்கா. அடுத்தது கோழியையும் புடிச்சுப் பாக்கப் போறீங்களா?”

(கோழியை அதற்கு முந்தின நாளே பார்த்திருந்தேன். சொல்லவில்லை.)

என் அலறல் விஷயம் ரப்பர் லாரியில் ஏறி அலோர் காஜாவுக்குப் போய்விட்டது. அங்கே ஓர் அரசாங்க ஆபீசில் என் மாமனார் பெரிய கிராணி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, எதற்கும் அசையாத கொள்கை. பெண்ணைத் தோட்டத்தில் கொடுத்ததில் அவருக்கு முதலிலிருந்தே மனத்தாங்கல். லாரி டிரைவர் திரும்பி வந்து, அவர் சொல்லியனுப்பியதை அவர் குரலிலேயே ஒப்பித்தான்.

“‘ஞாயித்துக்கெழம வர்றேன். அந்த வீட்டுல யாரு உடம்புல உண்ணி இருந்தாலும் சரி, அவங்கள அன்னிக்கே அலோர் காஜாவுக்குக் கூட்டிட்டு வந்துருவேன். இதுல மாத்தமே இல்ல.’ அவ்வளவுதான் கிராணி. பெரியவரு ரொம்ப சூடா இருக்காருலா.”

இருக்கிற நிலவரத்தில் ரோட்டில் பஸ் போவதே பெரிய காரியம். தனமும் குழந்தையும் ஒருமுறை போய்விட்டால், “கலகமெல்லாம் அடங்கட்டும் மாப்பிள்ளை” என்று அவர் சொல்வார். அது எப்போது அடங்கும் என்று வெள்ளைக்காரனுக்கே தெரியாது. தனம் குழந்தையின் துணிகளை மடித்தாள். மடித்தவள் பெட்டியில் வைக்கவில்லை. மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

“நீ போயிருவியா?” என்றேன்.

“அப்பா சொன்னா செய்வாரு. உங்களுக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. ஒழுங்கா அந்தப் புல்ல வெட்டுங்க.”

புல்லை வெட்டினேன். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் மாட்டைத் தள்ளிக் கட்ட வைத்தேன். டிரசர் சொன்னபடி வீட்டைச் சுற்றி வெறுந்தரையும் செதுக்கினேன். அதோடு நின்றிருந்தால் நான் இன்று ஒரு மரியாதையான மனிதன். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மூளை வேலை செய்தது. வெறுந்தரையில் உண்ணி நடந்து வராதா? வருகிற உண்ணியின் காலைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டாமா? ஒட்டுகிற பொருள் எது? தோட்டம் முழுக்க மரத்துக்கு மரம் மங்குக் கிண்ணத்தில் ரப்பர்ப் பால் வடிந்துகொண்டிருக்கிறதே!

மழைத் தண்ணீர் கலந்துவிட்டது என்று ஸ்டோரில் தள்ளிவைத்திருந்த பாலைக் கேட்டு வாங்கி, வாளி வாளியாகச் சுமந்து வந்தேன். வீட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, வாசலுக்கு நேரே மட்டும் நன்றாக அகலப்படுத்தி (படை வருவது அந்த வழியாகத்தானே), பாலை ஊற்றி நிரப்பினேன். அஞ்சலை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“கிராணி, என்னாலா இது? வீட்டுக்குப் பாலாபிஷேகமா?”

“உண்ணிக்கு, அக்கா. ஒன்னுகூடத் தாண்டாது.”

“உண்ணி தாண்டாது சரி. நீங்க எப்பிடித் தாண்டுவீங்க?”

அதற்கும் ஏற்பாடு இருந்தது. ஒரு பலகை. ஆனால் பலகை கிடந்தால் உண்ணியும் அதன் வழியாக நடந்து வந்துவிடாதா? ஆகவே தாண்டியதும் பலகையைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வது என்று சட்டம் போட்டேன். அன்று இரவு எங்கள் வீடு கோட்டை மாதிரி தெரிந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் பால் இறுகி, மேலே வழவழவென்று, வெள்ளைச் சிமெண்டு போட்டது போல் அழகாக இருந்தது. பிடிபட்டது என்னவென்று எண்ணினேன்: ரப்பர் இலைகள், அஞ்சலை அக்காவின் சேவல் இறகு, என்னுடைய ஒரு செருப்பு. உண்ணி? பூஜ்யம். எறும்புகள் அந்த இலைகளின் மேல் ஏறிச் சாவகாசமாக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஆழமாக ஊற்றிய பால் மேலே ஆடை கட்டினாலும் அடியில் பச்சையாகவே இருக்கும் என்பது, அந்தத் தோட்டத்தில் எனக்கும் என் குழந்தைக்கும் மட்டும்தான் தெரியாது.

மாமனார் வந்தார். கேட்டில் சோதனை போட்ட எரிச்சலில் அடையாளக் கார்டைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தார். “பஸ்ஸுல ஒருவாட்டி, ரோட்டுல ஒருவாட்டி, கேட்டுல ஒருவாட்டி! என் மூஞ்சிய எத்தன பேருக்குத்தான் காட்டுறது, மாப்பிள்ளை?”

நான் பலகையை எடுக்க உள்ளே ஓடினேன். அதற்குள் அவர் கண் வாசலில் விழுந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பாராட்டினார்.

“அட! வாசலுக்குச் சிமெண்டு போட்டிருக்கீங்களே! பரவாயில்லையே!” என்று அழுத்தமாக ஒரு கால் வைத்தார்.

சளக் என்றது. கறுத்த பூட்ஸ் கணுக்கால் வரை உள்ளே போனது. அதை விடுவிக்க அடுத்த காலை ஊன்றினார். அதுவும் போனது. “மாப்பிள்ளை!” என்று ஒரு சத்தம். அரசாங்க உத்தியோகஸ்தர் பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு, காலுறையோடு காற்றில் எழும்பி, மீசை முதலாகப் பாலில் இறங்கினார். குழந்தை கைதட்டிச் சிரித்தது.

தூக்கினேன். அவர் வந்தார், கூடவே பாலும் வந்தது. அவருக்கும் தரைக்கும் நடுவில் இடியாப்பம் பிழிந்த மாதிரி வெள்ளை இழைகள். தனம் மண்ணெண்ணெய் கொண்டு வந்தாள். நான் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தேன். அஞ்சலை அக்கா கத்தரிக்கோல் கொண்டு வந்தார்.

“மீசையில காஞ்சா கல்லாட்டம் ஆயிரும்யா. வெட்டித்தான் எடுக்கணும். பயப்படாதீங்க, மரத்தையே பதமா வெட்டுற கைலா இது!”

கொள்கை அசையாதவர் கண்ணை மூடிக்கொண்டு மேலுதட்டைக் கொடுத்தார். மீசை போனது.

அதைவிடப் பெரிய ஒன்று போனது பிறகுதான் தெரிந்தது. விழுந்த வேகத்தில் கையிலிருந்த அடையாளக் கார்டு குப்புற ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் பிடித்து இழுத்தேன். (டிரசர் சொன்ன மாதிரி, நேராக.) கார்டு வந்தது. படம் வரவில்லை. மாமனாரின் முகம், மீசையோடு, ரப்பர்ப் பாலில் அழகாகப் பதிந்து வானத்தை முறைத்துக்கொண்டிருந்தது.

“பெட்டிய எடு தனம்! பிள்ளைய தூக்கு! இந்தப் பைத்தியக்கார வீட்டுல இனிமே ஒரு நிமிஷம்…” என்று அவர் கேட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். காலையில் இருந்த கான்ஸ்டபிள் மாறி வேறொரு மலாய்க்காரர் நின்றார். கார்டை வாங்கினார். திருப்பினார். மாமனாரைப் பார்த்தார். மண்ணெண்ணெய் வாடையை முகர்ந்தார்.

“காம்பார் மானா?” படம் எங்கே என்கிறார்.

மாமனார் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். கான்ஸ்டபிள் கார்டிலிருந்த வெற்றுக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

“தா அடா மூக்கா, தா போலே கெலுவார் லா.” முகம் இல்லாத ஆள் வெளியே போக முடியாது.

உத்தரவாதம் சொல்லத் தோட்டத்து மேனேஜர் துரையும் இல்லை, மலாக்காவுக்குப் போயிருந்தார். போலீசிலிருந்து ஆள் வந்து விசாரிக்கும்வரை இவர் இங்கேயே இருக்கட்டும் என்று போனில் உத்தரவு வந்துவிட்டது. பெண்ணைக் கூட்டிப்போக வந்தவர் என் வீட்டில், என் சாரத்தைக் கட்டிக்கொண்டு, மீசையில்லாத முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நாள் போகப் போகப் பால் நாற ஆரம்பித்தது. அதை வெட்டி எடுத்துக் கொட்டும்போது அவர் பேசிய பேச்சை இங்கே எழுதினால் அச்சகத்தார் கோபித்துக்கொள்வார்கள். தினமும் சாயங்காலம் தனத்தையும் குழந்தையையும் தானே பக்கத்தில் உட்கார வைத்து, காது, கழுத்து என்று தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. புல் வெட்டியிருந்தது, மாடு தள்ளியிருந்தது. டிரசர் சொன்ன சாதாரண வேலை அதன்பாட்டுக்குப் பலித்துவிட்டது. அவர் ஏமாற்றத்தோடு மாட்டுக் கொட்டகை வரை உலாத்திவிட்டு வருவார்.

ஒருவழியாக, அலோர் காஜா ஆபீசிலிருந்து “அவர் எங்கள் ஆள்தான்” என்று சொன்ன பிறகு, போலீஸ்காரர் தற்காலிகக் கடிதம் கொடுத்தார். மாமனார் சட்டையை மாட்டினார்.

“பெட்டி எங்க தனம்? லாரி நிக்குது. ஒருவாரமா நானே பாத்துட்டேன், இது குடும்பம் நடத்துற எடமே இல்ல” என்றவர் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. மற்றொரு கை மெல்லக் கமக்கட்டுக்குள் போனது.

“தனம்… இங்க என்னமோ… காலு ஆட்டுதும்மா!”

ஆஸ்பத்திரி பெஞ்சில், நான் படுத்த அதே இடத்தில் மல்லாந்து படுத்தார். “டிரசர், அரசாங்க உத்தியோகத்துல இருக்கிறவன் நான். கொஞ்சம் கவனமா…”

“உண்ணிக்கு உத்தியோகம் தெரியாது ஐயா. கையைத் தூக்கும்.” சிமிட்டா. ஒரு இழுப்பு. “முடிஞ்சுது. எழும்பும்.”

எழுந்து உட்கார்ந்தவர் முன்னால் தனம் வந்து நின்றாள். குழந்தை இடுப்பில். பெட்டி அவள் கையில் இல்லை.

“அப்பா, நீங்க என்ன சொல்லி அனுப்பிச்சீங்க? இந்த வீட்டுல யாரு உடம்புல உண்ணி இருந்தாலும் அவங்கள அன்னிக்கே அலோர் காஜாவுக்குக் கூட்டிட்டுப் போவேன்னுதானே?”

“ஆமா… சொன்னேன்.”

“எங்க உடம்புல இல்ல. தினம் நீங்களே பாத்தீங்க. ஒருத்தரு உடம்புலதான் இருந்துச்சு. சொன்னபடி கூட்டிட்டுப் போங்கப்பா. மாத்தமே இல்லன்னு வேற சொல்லியிருக்கீங்க.”

டிரசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. மாமனார் பூட்ஸை மாட்டி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, என்னைப் பார்க்காமலே லாரியில் ஏறி, தன்னைத்தானே அலோர் காஜாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

புதிய கார்டுக்கு மீசையில்லாமல் படம் எடுத்தார்கள். மீசையை மறுபடி வளர்த்தால் கேட்டுக்குக் கேட்டு நிறுத்தி விசாரிப்பார்கள் என்று பயந்து, அவர் கடைசிவரை வளர்க்கவே இல்லை. மீசை வைத்த மாமனார் இப்போது எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறார். அந்தப் பாலை வெட்டிக் கொட்டிய அன்று, அவருக்குத் தெரியாமல் தனம் முகம் பதிந்த துண்டை மட்டும் அறுத்துக் காயவைத்துவிட்டாள். இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தால் வாய் அகலச் சிரிப்பார். விட்டால் பழையபடி முறைப்பார். என் பிள்ளைகள் எல்லாரும் தாத்தாவைச் சிரிக்கவைத்துத்தான் வளர்ந்தார்கள்.

அன்று கைதட்டிய குழந்தை கல்யாணம் முடித்து, தங்கா பத்துவில் வீடு கட்டி, வாசலுக்கு நிஜமாகவே சிமெண்டு போட்டிருக்கிறாள். போன மாதம் முதல்முறையாக அந்த வீட்டுக்குப் போனேன். படி ஏறப்போகும் சமயம் உள்ளேயிருந்து மருமகன் குரல் கொடுத்தார்.

“பாத்து வாங்க மாமா. முகம் பத்திரம்!”

நான் சிமெண்டுத் தரையை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தேன்.