மஞ்சள் நோட்டில் மூன்று பக்கம்

அலமாரிக் கதவு மறுபடியும் தானாகத் திறந்துகொண்டது.

லிஃப்ட்காரர் அதைச் சாத்தினார். இரண்டடி பின்வாங்கி, இடுப்பில் கைவைத்து, 'இப்ப திற பார்ப்போம்' என்பதுபோல் முறைத்தார். கதவு அரை நிமிஷம் மரியாதையாக இருந்தது. பிறகு சாவகாசமாக, கீச்சென்ற சத்தத்தோடு திறந்து, உள்ளே அவர் அவசர அவசரமாகத் திணித்து வைத்திருந்த அழுக்குத்துணி மூட்டையைக் காட்டியது.

மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு அதிகாரி வருகிறார்.

"விட்டுத்தொலைங்களேன். அலமாரி திறந்தா உலகமா முழுகிடும்?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"முழுகும். நான் இருபத்திரெண்டு வருஷமா சோதனைக்குப் போறவன். எதுல ஆரம்பிச்சு எதுல முடியும்னு எனக்குத் தெரியும்."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. பெரிய கட்டடங்களில் லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவர் வேலை. அவர் வருகிறார் என்று தெரிந்து துருவின்மேல் பெயின்ட் அடித்து வைப்பார்கள். அவர் அதன்மேல் ஒரு விரலை வைத்து, "நேத்து அடிச்சதா, இன்னிக்குக் காலையிலயா?" என்று மெதுவாகக் கேட்பார். எதிரே நிற்கிறவருக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்டவர் இப்போது வாழ்க்கையில் முதல்முறையாக, சோதிக்கப்படுகிறவராக நின்றுகொண்டிருந்தார். வியர்த்துக்கொண்டிருந்தது.

ஏழு வாரத்துக்கு முன்னால் அவரும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவியும் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்து, ஒரு வாடகை வீட்டின் நாலாவது மாடியில் பெட்டிகளை இறக்கினார்கள். அவர்கள் தத்தெடுக்க வந்த பெண்ணுக்குப் பத்து வயது. "கைக்குழந்தையா பார்க்கக் கூடாதா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "எனக்கு இருக்கிற மூட்டுவலிக்குத் தானா நடக்கிற பிள்ளைதான் சரிப்படும்" என்று மனைவி சொல்லி வாயை அடைத்திருந்தாள்.

பெண் வந்த நாளிலிருந்து அவர்களோடுதான் இருந்தாள். ஆனால் சட்டப்படி இன்னும் மகள் இல்லை. அறிக்கை ஒன்று கோர்ட்டுக்குப் போய், நீதிபதி கையெழுத்துப் போட்டால்தான் மகள். அறிக்கை சரியில்லை என்றால் அவள் முன்பு இருந்த குழந்தைகள் இல்லத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அதிகாரி வருவதற்கு ஏழு வாரம் ஆனதற்கும் காரணம் இருந்தது. அந்த இலாகாவில் தமிழ் தெரிந்தவர் வரப்போகும் அந்த அம்மாள் ஒருவர்தான்.

பெண்ணுக்கு வரும்போது தமிழ் சுத்தமாகத் தெரியாது. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். அவர் மனைவியை "ஏம்மா" என்று கூப்பிடுவார். அதனால் மூன்றாம் நாளே மனைவி "அம்மா" ஆகிவிட்டாள். மனைவி அவரைக் கூப்பிடுவது "என்னங்க" என்று. ஆகவே அவர் "என்னங்க" ஆகிப்போனார். ஏழு வாரமாகியும் அதிலிருந்து பதவி உயர்வு கிடைக்கவில்லை.

"நீயாவது சொல்லிக்குடேன்" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் கேட்டு வாங்குறதில்லைங்க" என்றாள், கேட்காமலே வாங்கியவள்.

பேச்சு ஓடாத அந்த முதல் வாரத்தில் அவர் தமக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினார். பெண்ணை அழைத்துக்கொண்டு கட்டடத்தின் லிஃப்ட்டில் மேலும் கீழும் போனார். கதவு முழுசாக மூடுகிறதா, தரைக்குச் சமமாக நிற்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, குறைகளை எண் போட்டு எழுதி, கடைசியில் கொட்டை எழுத்தில் 'இயக்கலாம்' என்று எழுதிக் காட்டினார். ரொம்ப மோசம் என்றால் 'நிறுத்தவும்'. ஆபத்தில்லாத குறை எத்தனை இருந்தாலும் லிஃப்ட் ஓடலாம் என்பதைக் கையாலும் காலாலும் விளக்கினார். பெயின்ட் அடித்து மறைப்பவர்களைப் பற்றி அவர் நடித்துக் காட்டியபோது பெண் முதல்முறையாகச் சிரித்தாள். அன்றிலிருந்து பஸ், கடைத் தராசு, பூங்கா ஊஞ்சல் எதுவும் அவள் சோதனைக்குத் தப்பவில்லை. ஊஞ்சலுக்கு 'நிறுத்தவும்' கிடைத்தது.

எழுதுவதற்கு அவளிடம் ஒரு மஞ்சள் நோட்டு இருந்தது. இல்லத்திலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்ட பெண்மணி கொடுத்தது. அன்றைக்கு அந்தப் பெண்மணி நோட்டைத் தட்டித் தட்டி, தன் மொழியில் ஐந்து நிமிஷம் விளக்கினாள். மனைவி பெட்டியை வைக்க உள்ளே போயிருந்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்று காட்டிக்கொள்வது லிஃப்ட்காரருக்கு அவமானமாக இருந்தது. பலமாகத் தலையாட்டி, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

"என்ன சொல்லிட்டுப் போறாங்க?" என்று மனைவி வந்து கேட்டாள்.

"வீட்டுப்பாடம். தினம் எழுதணுமாம்" என்றார்.

அந்த நோட்டு இப்போது மேசைமேல் இருந்தது. பெண் குளியலறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் அலமாரிக் கதவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். கதவுக்கு அடியில் நாலாக மடித்த தாளைச் செருகினால் நிற்கும். எழுதாத பக்கத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. எழுதி முடித்த பழைய பாடம் யாருக்கு வேண்டும் என்று முன்னாலிருந்து மூன்று பக்கத்தைக் கிழித்து, மடித்து, செருப்பால் தட்டி இறக்கினார்.

கதவு நின்றது.

பெண் வந்து நோட்டைப் புரட்டினாள். "என்னங்க, என் பக்கம் எங்க?"

"பழைய பாடம்தானே கண்ணு. கதவுக்கு வேணும்னு எடுத்துக்கிட்டேன்."

பெண் குனிந்து கதவின் அடியைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"ஏங்க, பாஸ்போர்ட்டு, டாக்டர் சர்டிபிகேட்டு எல்லாம் வச்ச ஃபைல் எங்க?" என்று மனைவியின் குரல் வந்தது.

லிஃப்ட்காரர் மெல்ல அலமாரியைப் பார்த்தார்.

கதவு இப்போது அசைய மறுத்தது. ஒரு காலைச் சுவரில் ஊன்றி, பிடியைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தார். பிடி கையோடு வந்தது. அவரும் கூடவே வந்து தரையில் உட்கார்ந்தார்.

பென்சில் சத்தம் கேட்டது.

"கீல் பக்கமா கழட்டிடறேன். அஞ்சே நிமிஷம்" என்றார்.

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி.

மேல் கீலைக் கழற்றியதும் கதவு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது. அந்த இடுக்கு வழியாகக் கையை விட்டு ஃபைலை உருவிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் திருகாணி ஒன்று அலமாரிக்குப் பின்னால் உருண்டு போய்விட, அதை எடுக்க அலமாரியை நகர்த்தினார். பின்னால் சுவரில் இருந்த பிளக்பாயின்ட்டில் அலமாரியின் முதுகு இடித்தது. 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. தண்ணீர் சுட வைத்திருந்த கெட்டில் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

"என்னங்க பண்ணீங்க?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரலும், கூடத்திலிருந்து அதே ராகத்தில் இன்னொரு குரலும் கேட்டன.

லிஃப்ட்காரர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மேலே தள்ளிப் பார்த்தார். ஒன்று மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு முழுக் கட்டடத்தின் லிஃப்ட்டுகளையே ஓடவைத்தவருக்கு ஒரு வாடகை வீட்டு ஸ்விட்ச் மசியவில்லை.

மணி பத்தேமுக்கால். பெண்ணின் எதிரே மண்டியிட்டார்.

"கண்ணு, அதிகாரி வந்தா என்ன செய்யணும்?"

"சிரிக்கணும்."

"கூடவே நோட்டுல எழுதிட்டே இரு. படிக்கிற பிள்ளைன்னு தெரியும். கதவைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே."

"ஏன்?"

"குறைன்னு எழுதிடுவாங்க."

"குறைன்னா எழுதணும்" என்றாள் பெண். "பெயின்ட் அடிச்சு மறைக்கக் கூடாது. நீங்கதானே சொன்னீங்க."

இருபத்திரெண்டு வருஷத்தில் அவரிடம் எந்தக் கட்டடக்காரரும் இப்படிப் பேசியதில்லை. எழுந்து போய், கழன்ற பிடியைச் செருப்பால் அடித்துப் பொருத்த ஆரம்பித்தார். பெண் மறுபடி நோட்டுக்குள் குனிந்துகொண்டாள்.

பதினொன்று அடித்தது. பதினொன்றே கால் வரை இடித்தும் பிடி நிற்கவில்லை. அதிகாரியும் வரவில்லை. மனைவி துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நம்மளைப் பிடிக்காம வராமலே இருந்துட்டாங்களோ" என்றாள்.

"அம்மா," என்றாள் பெண், "கரென்ட் இல்லைன்னா பெல் அடிக்காது."

மனைவி ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள். வெளியே மாடிப்படியில், மடியில் பையை வைத்துக்கொண்டு, நடுவயது அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இருபது நிமிஷமா அடிக்கிறேன். தட்டியும் பார்த்தேன். உள்ளே ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டுச்சு. வேலை நடக்குதுபோல, முடியட்டும்னு உட்கார்ந்துட்டேன்" என்றார் அதிகாரி, கோபமில்லாமல்.

கூடத்தில் லிஃப்ட்காரர் பாய்ந்து போய் அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அவர் நகர்ந்தால் கதவு விழும். கழன்ற பிடி அவர் கைக்குள் இருந்தது.

"உட்காருங்க சார்" என்றார் அதிகாரி.

"பரவாயில்லைங்க. நின்னே பழக்கம். லிஃப்ட் வேலை பாருங்க."

"டீ போட முடியலை. கரென்ட் இப்பத்தான் போச்சு" என்று மனைவி தண்ணீரை நீட்டினாள். அதிகாரி குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஃபைலைத் திறக்கவில்லை. குளியலறையில் லிஃப்ட்காரர் விடியற்காலையில் துடைத்த குழாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெண்ணிடம் அவள் மொழியில் ஏதோ கேட்டார். பெண் மஞ்சள் நோட்டைக் கொடுத்தாள்.

நல்லவேளை, வீட்டுப்பாடம் பார்க்கிறார் என்று லிஃப்ட்காரர் மூச்சு விட்டார்.

"இதுல மூணு பக்கம் இல்லையே" என்றார் அதிகாரி.

அதிகாரி பெண்ணைப் பார்த்தார். பெண் மனசில்லாமல், ஆனால் ஒளிக்காமல், லிஃப்ட்காரரின் காலுக்கு அருகே விரலை நீட்டினாள்.

"சார், அதை எடுத்துக் கொடுத்துடுங்க. முழுசா இருந்தாத்தான் ஆபீஸ்ல வாங்குவாங்க" என்றார் அதிகாரி.

லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். வேறு வழி தெரியவில்லை. குனிந்தார். தாள்களை உருவினார்.

முதலில் கதவு வந்தது. அதன்மேல் அழுக்குத்துணி மூட்டை வந்தது. மூட்டை அவிழ்ந்து அவருடைய பனியன் ஒன்று அதிகாரியின் பைமேல் போய் உட்கார்ந்தது. எல்லாம் அடங்கியபின் அவர் கையிலிருந்த பிடியும் நழுவி, டங்கென்று விழுந்து, அதிகாரியின் செருப்பருகே போய் நின்றது.

லிஃப்ட்காரர் மூன்று கசங்கிய தாள்களைக் கையில் பிடித்தபடி நின்றார். அதுவரை கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துபோயிற்று.

"மறைச்சேம்மா. கதவு சரியில்லை, கரென்ட் போனதும் என்னாலதான். எல்லாத்தையும் எழுதிக்கங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா அவளை மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க. அவ இல்லாம இந்த வீட்டைப் பூட்டிட்டு நாங்க ஊருக்குப் போக முடியாது. என்கிட்ட இருக்கிற குறையெல்லாம் சரி பண்ணிக்கிறேன். அவ சொன்னா நான் கேட்பேன்."

மனைவி அழுதுகொண்டே அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பெண் எழுந்து வந்து கீழே கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

அதிகாரி பனியனை எடுத்து அவளிடம் கொடுத்தார். "இதையெல்லாம் எதுக்குங்க என்கிட்ட சொல்றீங்க?" என்றார், குழப்பமாக. "நான் என்ன எழுதப்போறேன்? பத்து வயசு ஆன பிள்ளைன்னா இங்க அறிக்கையை அந்தப் பிள்ளைதான் எழுதணும். ஏழு வாரமா எழுதியிருக்கா. நான் இதை வாங்கிட்டுப் போக வந்தவ. இல்லத்துல விளக்கமா சொல்லி, கையெழுத்து வாங்கியிருக்காங்களே."

மனைவி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வீட்டுப்பாடம்?" என்றாள்.

லிஃப்ட்காரர் அலமாரிக்குள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறதா என்று பார்த்தார். அதற்குக் கதவு இல்லை.

"என்ன... என்ன எழுதியிருக்கா?" என்றார்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனார். பெண் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"'மொத்தக் குறைகள் பத்தொன்பது. அதுல பதினெட்டு, அப்பா சரி பண்ணப் போனதால வந்தது'" என்று மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நிறுத்தி நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "இந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழ்லயே எழுதியிருக்கா, அதுவும் கொட்டை எழுத்துல. 'இயக்கலாம்.'"