எழுபது கோடிப் பேருக்குக் காப்பி

வாய்ப்புக்காரர் என்று ஓர் இனம் எங்கள் தீலி நகரத்தில் பெருகிக் கிடக்கிறது. கிழக்குத் திமோர் ஆசியானில் சேரப் போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது முளைத்தவர்கள், சேர்ந்த பிறகு தெருவுக்கு நாலு பேராகிவிட்டார்கள். கழுத்தில் தாய்ஸ் என்னும் எங்கள் ஊர்க் கைத்தறித் துண்டு, கையில் சிற்றுண்டிப் பெட்டி, வாயில் ஒரே எண்: எழுபது கோடி. ஆசியான் நாடுகளில் எழுபது கோடி வாடிக்கையாளர்களாம்! அத்தனை பேரும் எங்கள் துறைமுகத்தில் பையோடு வரிசையில் நிற்பது அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

செனோர் அனக்லேத்து இந்த இனத்தின் திலகம். ஏற்றுமதிக் காப்பிக்குத் தரச் சான்றிதழ் தரும் அலுவலகத்தில் அதிகாரி. வெறும் கையெழுத்து போதாது, ரப்பர் முத்திரையும் விழ வேண்டும். முத்திரை இல்லாத காகிதத்தை எங்கள் ஊரில் நாய்கூட முகராது. அந்த முத்திரையை அவர் யாரையும் நம்பிக் கொடுப்பதில்லை. தோல்பையில் போட்டுக்கொண்டு கருத்தரங்கு கருத்தரங்காக அலைகிறார்.

லெத்தெஃபோஹோ மலையிலிருந்து செலிந்தா அக்கா வந்தார். எங்கள் வழக்கில் மானா செலிந்தா. பதினெட்டுக் குடும்பங்களின் காப்பிக்கொட்டையைச் சேர்த்து, தரகர் இல்லாமல், முதன்முறையாகப் பினாங்குக் கடைக்காரர் ஒருவரிடம் நேரடியாக விலை பேசி முடித்திருந்தார். கப்பல் வெள்ளிக்கிழமை. சான்றிதழ் இல்லாமல் மூட்டை ஏறாது. அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெள்ளி காலை கருத்தரங்குக்கே வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன், மதியச் சாப்பாட்டுக்காக.

"செனோர், ஒரே ஒரு முத்திரை. ரெண்டு மணிக்குக் கப்பல் கெளம்பிடும்."

"வாங்க மானா! உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்!" தோளில் ஒரு தாய்ஸைப் போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்.

"முத்திரை, செனோர்."

"அட, தொடக்க விழா முடியறதுக்குள்ள பையைத் தொறந்தா வந்தவங்களுக்கு மரியாதையா இருக்குமா?"

எங்கள் தொடக்க விழா என்றால் சும்மாவா? பாதிரியார் முதல் ஒலிபெருக்கிக்காரர் வரை ஒவ்வொருவரையும் பட்டத்தோடு பெயர் சொல்லி வணங்கி, ஜெபம் சொல்லி, கீதம் பாடி, வந்தவர் கழுத்திலெல்லாம் துண்டு போட்டு, ஒரு கழுத்து விட்டுப்போனதால் மறுபடி முதலிலிருந்து போட்டு முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு. பிறகு காப்பி கொடுத்தார்கள். எங்கள் மலைக் காப்பியா? வெளிநாட்டுப் பொட்டலத் தூள், சீனி கலந்தது. மானா முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

அனக்லேத்து மேடையேறினார். "வாய்ப்பு எங்கன்னு கேக்கறீங்களே, இதோ உக்காந்திருக்கு!" என்று மானாவைக் காட்டினார். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

மானாவும் எழுந்தார். "என் மூட்டை தொறமொகத்துல வெயில்ல கெடக்கு. அந்தப் பைக்குள்ளதான் முத்திரை இருக்கு. யாராச்சும் எடுத்துக் குடுங்களேன்!"

என்ன தமாஷான அம்மாள் என்று அதற்கும் கைதட்டினோம். நானும்தான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முத்திரை விழாமல் இல்லை. குழுப் புகைப்படம் முடிந்து நாலரை மணிக்கு, வெகு அழகாக, கோணாமல் விழுந்தது. கப்பல் அதற்குள் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது. பினாங்குக்காரர் அடுத்த வாரமே வேறு நாட்டில் வாங்கிக்கொண்டார். பதினெட்டு வீட்டுக் கொட்டையையும் பழைய தரகரே அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்.

அனக்லேத்து மனம் நொந்துபோனார் என்றா நினைக்கிறீர்கள்? மறுமாதமே மானாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மானா, 'கைநழுவும் வாய்ப்புகள்'னு ஒரு கருத்தரங்கு வைக்கறோம். நீங்கதான் சிறப்புப் பேச்சாளர்!"

"அன்னிக்கு ஆபீசை யாரு பாத்துப்பாங்க, செனோர்?"

"ஆபீஸே அங்கதானே வருது!"

சிரித்தாயிற்றா? இதை நாலு பேருக்கு அனுப்பி, 'இந்த மாதிரி ஆட்களால்தான் நாடு உருப்படவில்லை' என்று அலுத்துக்கொள்ளவும் தயாராகியிருப்பீர்கள். நல்லது, செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு நிமிடம் எழுந்து போய், உங்கள் அறைக்கு வெளியே காலையிலிருந்து காத்திருக்கிறாரே, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.