கூடைக் கயிற்றுக் கடிவாளம்

கடிவாளத்தைக் கையால் தொட்டே பார்க்காதவர்கள்தான் அந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துகிறோம். அந்த வரிசையில் நான் முன்னால் நிற்பவன். எங்கள் தோட்ட நலன்புரிச் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகமே சாட்சி. அதை எழுதுபவனும் நான், கூட்டத்தில் பெரும்பாலும் பேசுபவனும் நான். திருவிழா ஒலிபெருக்கிக்குக் கடிவாளம் போட வேண்டும் என்றிருக்கிறேன். இளைஞர்களின் மோட்டார் சைக்கிள் வேகத்துக்கும், லயங்களில் பெருகும் நாய்களுக்கும், சங்கத் தலைவரின் முன்னுரைக்கும் (அவரை வைத்துக்கொண்டே) அதையே சொல்லியிருக்கிறேன். குழம்பில் உப்புக்குக் கொஞ்சம் கடிவாளம் வேண்டும் என்று ஒருமுறை வீட்டில் சொன்னதற்கு, என் மனைவி செல்வராணி இரண்டு நாள் உப்பே போடாமல் சமைத்தாள்.

இப்படிப்பட்டவன் முன்னால் ஒருநாள் நிஜக் குதிரை வந்து நின்றது. நடந்ததை மறைக்கப் போவதில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று வரும், அங்கே வெட்கப்படுவேன். மற்ற இடங்களில் என்னிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பலாங்கொடைக்கு மேலே, மலைச் சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசை வீடுகளாக நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பஸ் வரும் பெரிய ரோட்டுக்குப் பழைய துரை பங்களாவின் வளவுக்குள்ளாக ஒரு பாதை உண்டு. ஏழு நிமிட நடை (கடிகாரம் பார்த்து நடந்திருக்கிறேன்). பங்களாவை வெளியார் எடுத்துச் சுற்றுலா ஹோட்டலாக்கியதும் அந்தப் பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சுற்றிப் போனால் நாற்பது நிமிடம், வழியெல்லாம் அட்டை. பலாங்கொடையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனான நான் தாமதமாகப் போனால் உலகம் நின்றுவிடாது. ஆனால் கிளினிக் நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் பெண்களும் பஸ்ஸைத் தவறவிட்டுப் பாதி வழியில் திரும்பிவரும் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்று மாதத்தில் ஹோட்டல் மேனேஜருக்கு ஐந்து கடிதங்கள் எழுதினேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் இரண்டு, ஆங்கிலத்தில் இரண்டு. ஐந்திலும் கடிவாளம் இருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் லயத்துப் பக்கம் கால்கூட வைக்கவில்லை.

மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு ஐம்பது. வேலை இல்லாத நாள் என்பதால் லயம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

"தம்பி! செயலாளர் தம்பி! ஓடி வாங்க! என் போஞ்சிய குதிர மேயுது!"

மேரி அக்காவின் குரல். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருப்பவர். லயத்துக்குப் பின்னால் அவர் போட்டிருந்த போஞ்சிக் கொடியில் பாதி ஒரு பழுப்புக் குதிரையின் வயிற்றுக்குள் போயிருந்தது. வெளிநாட்டு விருந்தினர்களை ஏற்றி உலாத்துவதற்காக ஹோட்டல் வாங்கிய குதிரை. நுவரெலியாப் பந்தயத்தில் ஓடிக் களைத்து ஓய்வு பெற்றது என்று சொன்னார்கள். வேலியைத் தாண்டி வந்திருந்ததைப் பார்த்தால் களைத்த மாதிரித் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருடைய மாடாவது இன்னொருவர் மரக்கறிப் பாத்தியில் மேய்ந்தால், பிடித்துக் கட்டிவிடுவார்கள். சொந்தக்காரர் நேரில் வந்து, மேய்ந்ததைப் பார்த்து, உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் கயிறு அவிழும். துரையின் மாடாக இருந்தாலும் அதுதான். மேரி அக்காவுக்கு இது குதிரையைப் பார்த்த உடனேயே தோன்றிவிட்டது.

"கொய்யா மரத்துல கட்டுங்கடி! மூணு மாசமா வராத மனுசன் இப்ப வருவான்ல? கேட்டத் தொறந்தாத்தான் குதிர."

அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. கொய்யா மரம் பத்தடி தூரத்தில் நின்றது. நான் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்.

"இங்கே கட்டினால் களவு என்று பொலிசுக்குப் போவார்கள். தோட்ட ஆபீசுக்குக் கொண்டுபோய், எழுதிக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்" என்றேன்.

"சரி, கழுத்துல கயிறப் போட்டு இழுத்துட்டுப் போங்க."

"கழுத்தில் கட்டுவது மாட்டுக்கு. குதிரைக்குக் கடிவாளம்."

செல்வராணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க, பேசுறதுக்கு இருக்கட்டும். போடத் தெரியுமா?"

தெரியும் என்றேன். படித்திருந்தேன் அல்லவா? வாய்க்குள் இரும்பு போக வேண்டும், அதிலிருந்து இரு பக்கமும் வார் வர வேண்டும் என்பது வரை தெரியும். வாருக்கு, செல்வராணி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிற்றை எடுத்தேன். இரும்புக்கு வழியில்லாததால் எங்கள் வீட்டு அகப்பையை வாய்க்குள் குறுக்கே வைத்தேன். குதிரை அதை ஒரே கடியில் இரண்டாக்கியது. பிறகு என்னைப் பார்த்தது. அப்படிப்பட்ட பார்வையை அச்சக முதலாளியிடம்கூட நான் வாங்கியதில்லை.

கடைசியில் கயிற்றை மூக்கைச் சுற்றி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டேன். சந்தேகத்துக்கு இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மொத்தம் ஒன்பது.

"கடிவாளம் போட்டாச்சுன்னா ஏறணுமே தம்பி?" என்றார் மேரி அக்கா. "இல்ல, சும்மா அலங்காரத்துக்கா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியின் சிமெந்துத் திட்டில் ஏறி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிரையின் முதுகுக்குத் தாவினேன்.

தோட்ட ஆபீஸ் இடது பக்கம். கயிற்றை இடப்பக்கம் இழுத்தேன். குதிரை வலப்பக்கம் திரும்பி நடந்தது. அதன் வீடு அந்தப் பக்கம்.

"நிறுத்துங்க! என்னங்க, நிறுத்துங்க!" என்று செல்வராணி பின்னால் ஓடிவந்தாள்.

"நான் எங்கே ஓட்டுகிறேன்?" என்று கத்தினேன்.

பூட்டிய கேட் முன்னால் வந்தது. காவலாளி சுனில் நல்ல மனிதர், எங்களுக்குத் தெரிந்தவர். குதிரைமேல் ஆள் வந்தால் கேட்டைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட உத்தரவு. திறந்தார். அடித்தார். "குட் மோர்னிங் சேர்!" என்ற பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"அய்யோ அண்ணே! நீங்களா? எறங்குங்க அண்ணே, மேனேஜர் மாத்தயா பாத்தா என் ஜோப் போயிரும்!"

இறங்கத் தெரிந்தால் இறங்கியிருக்க மாட்டேனா?

புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குதிரை நேரே மேசைகளுக்கு நடுவில் போய் நின்றது. என் சாரம் எந்த நிலையில் இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. படம் எடுத்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைகூப்பி வணக்கம் சொன்னார். பதில் வணக்கத்துக்கு நான் கையை எடுத்தபோது குதிரை புல்லுக்காகத் தலையைத் தாழ்த்தியது. அதன் கழுத்து வழியாக நான் தரைக்கு வந்தேன். விழுந்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குறிப்புப் புத்தகத்தில் 'செயலாளர் இறங்கினார்' என்றே பதிவாகியிருக்கிறது.

மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். "ரொம்ப நன்றி செயலாளர் மாத்தயா. எங்க குதிரைய நீங்களே கொண்டாந்து குடுத்துட்டீங்க."

வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். மூன்று மாதத்தில் எங்கள் கைக்குக் கிடைத்த ஒரே பிடி அந்தக் குதிரை. அதை நானே ஏறி உட்கார்ந்து கொண்டுபோய் ஒப்படைத்திருந்தேன். காது சுட்டது.

சுனில் பதற்றத்தில் கேட்டை மூட மறந்திருந்தார். இருபது இருபத்தைந்து பெண்கள் புல்வெளிக்குள் வந்துவிட்டார்கள். குதிரை மென்று கிழித்த போஞ்சிக் கொடியை மேரி அக்கா வெள்ளை மேசை விரிப்பின்மேல் போட்டார்.

"இந்தாங்க மாத்தயா, ஒங்க குதிர வச்ச மிச்சம். பேசி முடிப்போமா?"

"குதிரை இப்ப எங்க கையில இருக்கு. என்ன பேச்சு?" என்றார் மேனேஜர்.

செல்வராணி முன்னால் வந்தாள். "குதிர ஒங்களுது. அதுமேல இருக்கிற கயிறு என்னுது. எங்க கயிறு இருக்கிற வரைக்கும் அது நாங்க கட்டின உருப்படி. அவுத்துக் குடுங்க, பேசாம போறோம்."

மேனேஜர் அவிழ்க்கப் போனார். முடிச்சு ஒன்பது. குதிரை தலையை உயர்த்தியது, தும்மியது, அவர் சட்டையில் போஞ்சி தெளித்தது. சமையல்காரர் வந்து பார்த்தார். சுனில் பார்த்தார். நானும் முயன்றேன், என்னாலும் முடியவில்லை. ஒருவர் கத்தி கொண்டுவந்தார்.

"கத்திய வச்சீங்கன்னா பாருங்க! நாளைக்குக் காலையில எதுல கூடையக் கட்டிக்கிட்டு, வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல போயி நிப்பேன்?" என்று செல்வராணி போட்ட சத்தத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கைகூப்பிய பெண்மணி என்ன பிரச்சினை என்று மேனேஜரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு முன்னால் நான் சொன்னேன். கேட்டைப் பற்றி, நாற்பது நிமிடத்தைப் பற்றி, கிளினிக் நாள்களைப் பற்றி. உவமை ஒன்றும் இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அது.

மேனேஜர் நாற்காலியை இழுத்து மேரி அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்தார். காலை ஐந்து முதல் மாலை ஏழு வரை கேட் திறந்திருக்கும் என்று முடிவானது. ஹோட்டல் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கினேன்: எட்டு இருபது. பிறகு செல்வராணி குதிரையின் தாடையைத் தடவியபடி ஒன்பது முடிச்சையும் ஒரு நிமிடத்தில் அவிழ்த்தாள்.

நாங்கள் லயத்துக்குத் திரும்பும்போதே எம்பிலிப்பிட்டியவிலிருந்து என் மைத்துனி கூப்பிட்டுவிட்டாள், யாரோ போனில் பரப்பிய படத்தைப் பார்த்துவிட்டு. மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். சிரிக்கட்டும். நான் கடிவாளம் போட்டது தவறு, ஏறியது தவறு, இறங்கிய விதமும் தவறு. ஆனாலும் குதிரைமேல் ஆள் போயிருக்காவிட்டால் சுனில் கேட்டைத் திறந்திருக்க மாட்டார், ஒழுங்கான முடிச்சுப் போட்டிருந்தால் மேனேஜர் உட்கார்ந்திருக்க மாட்டார். இதை எந்தக் கூட்டத்திலும் நிரூபிக்கத் தயார்.

வீட்டில்தான் நிரூபிக்க முடியவில்லை. போன மாதம் மகளின் ஒரு பத்திரத்துக்காக ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் ஜன்னலைச் சாத்திவிட்டு எழுந்து போனார். செல்வராணி மகளிடம் சொன்னாள்: "ஒங்கப்பாவ எதுமேலயாச்சும் ஏத்தி விடு புள்ள. தன்னால தொறக்கும்."

முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண் சட்டென்று திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தக் குதிர சேர் இவங்களா?"

"நான்தான்" என்றேன், நிமிர்ந்து நின்று.